அழைக்காத கல்யாணம்

"ஏலே காவலா, உசுரோடதான் இருக்கியா?"

சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வாசலில் நின்றிருந்த ஊர்க்காவலனின் தோளில் பின்னாலிருந்து ஒரு கை விழுந்தது. திரும்பாமலே ஆளைத் தெரிந்துவிட்டது. முனியராஜ். விருதுநகரில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்த மூன்று வருஷமும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அப்பேர்ப்பட்ட சிநேகிதன் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்றுதான் இரண்டு வருஷத்துக்கு முன் ஊர்க்காவலன் செல் நம்பரையே மாற்றினான்.

காரணம் சின்னதில்லை. கூடப் படித்த சினேகாவிடம் கடைசிப் பரீட்சை அன்று, "ஒரு வேலையில சேந்துட்டு உங்க வீட்டுல வந்து பேசுறேன்" என்று சொல்லியிருந்தான். அவளும் தலையாட்டினாள். இது தெரிந்த ஒரே ஆள் முனியராஜ். ஒரு வருஷம் அலைந்து, சென்னையில் ஒரு மருந்து கம்பெனி லேபில் வேலை கிடைத்தது. தலைகால் புரியாமல் ஊருக்கு வந்தவன், அக்கா வீட்டு டி.வி. மேல் ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தான். மணமகன் முனியராஜ், பி.எஸ்ஸி., சாப்ட்வேர் இன்ஜினியர், பெங்களூரு. மணமகள் சினேகா, பி.எஸ்ஸி.

அக்கா அடுப்படியிலிருந்து காபியோடு வருவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம்.

இன்று அதே முனியராஜ் ஈயென்று இளித்துக்கொண்டு எதிரே நிற்கிறான்.

"சாப்ட்வேர் இன்ஜினியருக்கெல்லாம் இந்தக் கடை டீ தொண்டையில எறங்குமா?" என்றான் ஊர்க்காவலன் குத்தலாக.

"கிண்டல் பண்ணாதலே. நாள் முழுக்க கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கேன். முதுகு ஒடிஞ்சுபோச்சு. ஆர்டர் வந்து குமிஞ்சா சாப்பாட்டுக்கு எந்திரிக்க விட மாட்டானுக."

பெங்களூரில் ஆளைப் பிழிந்து எடுக்கிறார்கள் என்று ஊர்க்காவலனும் கேள்விப்பட்டிருந்தான். நன்றாகப் பிழியட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

டீயைக் குடித்தபடி முனியராஜ் ஊர்க்கதை சொன்னான். ஜெயசுந்தர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் கெமிஸ்ட். ஜாஸ்பின் பி.எட். முடித்து ஆலங்குளத்தில் டீச்சர். ரோஜாவுக்குக் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். வகுப்பில் பாதிப் பேரைச் சொல்லி முடித்தும் ஒருத்தி பெயர் மட்டும் வரவில்லை. கடைசியில் ஊர்க்காவலனே வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"சினேகா எப்படி இருக்கா?"

"இருக்கா. திருத்தங்கல்ல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறா. என்னைப் பாக்கும்போதெல்லாம் உன்னைத்தான் கேப்பா. காவலன் எங்க இருக்கான், நம்பர் கெடச்சுதான்னு. நீ மாயமாப் போயிட்ட. நான் அவளுக்கு என்னத்தச் சொல்ல?"

ஊர்க்காவலனுக்கு வயிறு எரிந்தது. கட்டிய புருஷனிடமே பழைய ஆளை விசாரிக்கிறாள் ஒருத்தி. அதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் வந்து ஒப்பிக்கிறான் இவன்.

"இனிமே கேக்க மாட்டா" என்றவன், பையிலிருந்து ஒரு பத்திரிகையை உருவினான். அன்று காலைதான் அச்சாகிக் கைக்கு வந்த அவனுடைய கல்யாணப் பத்திரிகை. மணமகள் சொர்ணலட்சுமி, அம்மா பார்த்து முடித்த பெண். இன்னும் பத்து நாளில் முகூர்த்தம்.

முனியராஜின் முகம் செத்துப்போயிற்று. "இது உனக்கா?" என்றான். அப்புறம் அட்டையைத் தடவினான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "தங்கக் கலரு கொஞ்சம் வெலகி விழுந்திருக்கு" என்றான்.

பெங்களூர் போனாலும் சிவகாசிப் புத்தி இவனை விடவில்லை என்று ஊர்க்காவலன் நினைத்துக்கொண்டான்.

"நல்லா யோசிச்சுத்தான் சம்மதிச்சியா காவலா?"

"யோசிக்க என்ன கெடக்கு? அம்மா அழுதா. சரின்னுட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லே. ஒரே ஒரு போன்."

குற்ற உணர்ச்சி இப்போதுதான் இவனைக் குத்துகிறது போலும். ஊர்க்காவலனுக்கு அது திருப்தியாக இருந்தது. பத்திரிகையைத் திரும்ப வாங்கினான். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, கவரின் மேல் நிறுத்தி நிதானமாக எழுதினான்: 'திரு. முனியராஜ், திருமதி சினேகா முனியராஜ்.'

"நீங்க என்னை அழைக்காட்டியும் நான் அழைக்கிறதுதான மொறை. ரெண்டு பேரும் சேந்து வாங்க."

முனியராஜ் கவரை இரண்டு தடவை படித்தான்.

"என்னலே எழுதியிருக்க? அவளுக்கு எங்கலே கல்யாணம் ஆச்சு? நீ வந்து பேசுவன்னு வார மாப்பிள்ளையெல்லாம் வேணாம்னு சொல்லிக்கிட்டு வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டு இருக்கா."

"உங்க கல்யாணப் பத்திரிகைய எங்க அக்கா வீட்டுல நானே கண்ணால பாத்தேனே."

முனியராஜ் டீக்கடைப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"புதுவீடு பால்காய்ச்சுக்குப் பத்திரிகை அடிக்க உங்க அக்கா எங்க அச்சாபீசுக்குத்தான் வந்தாக. அங்கன நான்தான் கார்டு டிசைன் பண்றேன். வீட்டுல வச்சுப் பாருங்கன்னு நாலு சாம்பிள் குடுத்துவிட்டேன். சாம்பிள்ல வாய்க்கு வந்த பேரப் போடுவோம். மாப்பிள்ளை வேலையப் பெருசாப் போட்டாத்தான் கார்டு போகும்னு மொதலாளி சொல்வாரு."

தலையைக் குனிந்தபடியே சொன்னான்:

"அவ பேருக்கு மேல மொதல்ல உன் பேரைத்தாம்லே போட்டேன். ஊர்க்காவலன்னு அம்புட்டு நீளத்துக்கு அந்தப் பூ வளையத்துக்குள்ள எடம் பத்தல. அதான் எடுத்துட்டு என் பேரைப் போட்டேன்."