கால்மாட்டுக் கல்

மகனுக்கு எலும்பு மஜ்ஜை தர, நெருங்கிய சொந்தத்தில் ஒருவருடையதும் பொருந்தவில்லை. வில்லா தன் வம்சத்தில் மேலே மேலே தேடிப்போனாள். மாசசூசெட்ஸில் முதன்முதலில் நிலம் வாங்கிய பாட்டன் ஜெத்ரோ ஹாலோவே. அவருடைய பிள்ளைகளில் கடைக்குட்டி பெலேக்கின் வழி மட்டும்தான் இனி பாக்கி.

பெலேக் பழைய பண்ணைக் கல்லறையில் கிடைத்தான். தலைமாட்டுக் கல்லின் மேல் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பினாள். தேய்ந்த எழுத்துகள் எழும்பி வந்தன. இறக்கும்போது அவனுக்கு நான்கு வயது.

வில்லா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு வயசுப் புள்ளைக்கு ஏதும்மா வாரிசு? எந்திரிங்க," என்றார் அங்கே புல் வெட்டும் லெஸ்டர்.

அப்போதுதான் கால்மாட்டுக் கல் அவள் கண்ணில் பட்டது. படுத்திருப்பவரின் நீளம் பார்த்துத்தான் அதை நடுவது வழக்கம். இது தலைமாட்டிலிருந்து ஆறடி தள்ளி நின்றது.

"தப்பா நட்டுட்டாங்களா?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்போ கிட்டக்கதான் இருந்துச்சு. நடுவுல மெஷினே நுழையாது. கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போச்சு. வெளிய சொன்னா, குடிச்சிருக்கியான்னு கேப்பாங்க."

வில்லாவுக்குப் பயப்பட நேரமில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வளந்து ஆளாயிட்டான்னா, கல்யாணம் ஆயிருக்குமா?"

லெஸ்டர் பக்கத்துப் புல்லை விலக்கினார். அங்கே எழுத்தே இல்லாத இரண்டு கற்கள், தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்குமாக, புதிதாக முளைத்திருந்தன. நடுவே ஒரு கைக்குழந்தையைக் கிடத்தும் அளவுக்குத்தான் இடம் இருந்தது.

வில்லா மண்டியிட்டு, கண்ணாடியின் விளிம்பால் அந்த இடத்தைத் தோண்டத் தொடங்கினாள்.