குத்து எந்தப் பட்டன்?

கடையில் இருந்த புது ஜாய்ஸ்டிக்குகள் எல்லாம் எதிராளி நினைப்பதை முன்பே அறிந்து, தாமே தடுத்துத் தாமே திருப்பி அடித்துவிடும். புஷ்பா ஒன்றும் அறியாத பழைய மாடலைக் கேட்டு வாங்கினாள். “அடிக்கிறதுன்னா நானே அடிச்சிக்கிடுதேன்.” சண்டை கேமில் அவளுக்கு அன்றுதான் முதல் நாள்.

புது மாடல் வைத்திருந்த நாத்தனார் பெனிட்டா தெருவுக்கே சாம்பியன். “இந்தப் பொம்மையவா வாங்கினீங்க மைனி? தோத்தா நாளைக்கே திருப்பிக் கொடுத்திரணும்.”

“சரி, வா பாப்போம்.”

கொஞ்ச நேரத்தில் புஷ்பாவின் ஆளுக்கு நூலளவு உயிர்தான் மிச்சம். பதற்றத்தில் அவள் குத்த நினைத்துத் தாவும் பட்டனை அழுத்திவிட்டாள். பெனிட்டாவின் ஆள் வராத குத்தைத் தடுத்துக்கொண்டு நிற்க, புஷ்பாவின் ஆள் அதன் தலைக்கு மேலே பறந்து முதுகுப் பக்கம் இறங்கியது. “ஐயோ, இது இல்ல!” மறுபடியும் தப்பான பட்டன். உதை விழுந்தது. அவள் தப்பாக அழுத்த அழுத்த உதைகள் விழுந்துகொண்டே இருந்தன.

பெனிட்டாவின் ஆள் சாய்ந்தது. புஷ்பா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“இன்னொரு ஆட்டம் மைனி!” பெனிட்டா தன் ஜாய்ஸ்டிக்கின் மூளையை அணைத்தாள். விரல்களைப் பட்டன்கள் மேல் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“மைனி, இதுல குத்து எந்தப் பட்டன்?”