மகளின் சைக்கிள்

வேலைக்குப் போக மகள் வாங்கிய புதுச் சைக்கிளை மறித்துக்கொண்டு வாசற்படியில் நின்றார் அப்பா.

“நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இது ரோட்டுல இறங்காது!”

“ஹெல்மெட் இருக்கு, விளக்கு இருக்கு. ஓரமாத்தானேப்பா போகப்போறேன்?”

“நீ ஒழுங்காப் போவே கண்ணு. கார்ல வர்றவன் ஒழுங்கா வரணுமே! ஒருத்தனாவது பின்னாடி பாத்துட்டுக் கதவைத் திறக்கிறானா? சைக்கிளுக்கு இடம் விடுறானா? இந்த ஊர்ல கார் ஓட்டுற அத்தனை பேரும் அரைவேக்காடு!”

“அத்தனை பேரையும் உங்களுக்குத்தானேப்பா தெரியும்!” என்று நொடித்தாள் மகள்.

அந்த நேரம், வாசலில் நின்ற காருக்குள் காத்திருந்த இளைஞன் திரும்பிக்கூடப் பாராமல் கதவை விரியத் திறந்தான். தெருவில் சைக்கிளில் வந்த தபால்காரர் ஹேண்டில்பாரைச் சட்டென்று ஒடித்து, மயிரிழையில் தப்பினார்.

“பாத்தியா, பாத்தியா!” என்று மகளிடம் கத்திவிட்டுக் காரை நோக்கி ஓடினார் அப்பா.

இன்றைக்காவது அவனுக்கு நாலு வார்த்தை சொல்வார் என்று மகள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“பின்னாடி பாத்துட்டுத்தான் திறக்கணுமா சார்?” இளைஞன் தலையைச் சொறிந்தான்.

“அதெல்லாம் டெஸ்ட்ல கேக்க மாட்டாங்க. வண்டியை எடு!”

அப்பா பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். ஊரிலுள்ள ஒரே டிரைவிங் ஸ்கூலின் பலகையைத் தலையில் சுமந்தபடி, கார் குலுங்கிக் குலுங்கிக் கிளம்பியது.

மகள் சைக்கிளை உள்ளே தள்ளி, தானே பூட்டினாள்.