பச்சைத் தோல்

"ஜன்னலை நல்லாத் தொறந்து வையப்பா, நாத்தம் கொடலைப் பொரட்டுது."

உதவியாளரிடம் சொல்லிவிட்டு, ஏற்றுமதி அனுமதி அலுவலர் திருமூர்த்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எதிரே கருமத்தம்பட்டி மெர்சி. அவள் காலடியில் ஒரு சாக்கு மூட்டை.

"மூணாவது தடவையா வாரேனுங்க சார். இந்த மாசம் ஜெர்மனிக்கு அனுப்பலீன்னா ஆர்டர் போயிருமுங்க. எட்டுப் பொம்பளைங்க பொழப்பு."

"ஏனுங்க அம்மணி, பதம் போடாத பச்சைத் தோலை அப்படியே கப்பல் ஏத்த உட முடியுங்களா? வெள்ளைக்காரனே அன்னைக்குக் கட்டுப்பாடு வெச்சிருந்தான். இப்பத் தொண்ணூத்தி நாலு, இன்னும் கறாரா இருக்குது. கச்சாப் பொருள் வெளிய போயிட்டா இங்க பதம் போடறவன் என்ன பண்ணுவான்?"

"நாயமான சட்டந்தானுங்க."

"தெரிஞ்சேதான் விண்ணப்பத்துல எழுதுனீங்களா? இதா, 'எதனால் ஆனது?' பச்சைத் தோல். உங்க கையெழுத்துத்தானுங்களே?"

"ஆமாங்க. மூட்டையை ஒருக்காப் பிரிச்சுக் காட்டட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க! கட்டி வெச்சிருக்கறப்பவே இந்த நாத்தம்!"

மெர்சி அதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். திருமூர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மேஜைமேல் வந்து உட்கார்ந்தது ஒரு கைப்பை. பித்தளைக் கொக்கி, வெற்றிலை நிறம், புத்தம் புது மினுமினுப்பு.

"பதம் போட்டுச் சாயம் ஏத்துன தோலுங்க. பச்சைக் கலருங்க. மேல் வரியில கைப்பைன்னு எழுதியிருக்கேனே, படிக்கலீங்களா?"

திருமூர்த்தி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"நாத்தம் போயிருச்சுங்களா சார்?" என்றாள் மெர்சி.

கைக்குட்டை இன்னும் தன் மூக்கிலேயே இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.