சோபாவுக்கு ஒரு சட்டை

கூரைக்குத் தகரம் கேட்டுப் பள்ளிவாசலுக்கு எழுதிக் கொடுத்த முனவ்வரா, ஸகாத் கமிட்டி வீடு பார்க்க வருகிற அன்றைக்கென்று சோபாவுக்குப் புதுச் சட்டை போட்டு வைத்திருந்தாள்.

நீலத் துணி. அதில் வெள்ளிப் பூ. கீழ் ஓரத்தில் சுருக்கு வேறு.

“உம்மா, உங்களுக்கு மூளை கலங்கிட்டா?” மகள் ஸஹ்னா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “ஏழை எண்டு காட்ட வேண்டிய நாள்ல கலியாண வீடு மாதிரி வெச்சிரிக்கீங்க!”

“உள்ள கம்பி நிமிந்து நிக்கிது புள்ள. வெள்ளைச் சாரத்தோட வாற மனிசர். குத்திக் கிழிச்சா யாரு பதில் சொல்ற?”

அதுவும் மெய்தான். கண்டக்குழியில் மூடிப்போன லொட்ஜ் ஒன்றில் வெளியே தூக்கி வீசிய சோபா அது. ஒரு காலுக்குப் பதில் செங்கல். வாப்பா மவுத்தாகி இரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் புதிதாக வந்த ஒரே சாமான்.

“சரி, இந்தத் துணி எங்கால?”

“எங்கால வந்தா உனக்கென்ன? முன்பக்கம் கறையேறிக் கிடந்திச்சு. பின்பக்கத்த வெளிய புரட்டித் தைச்சிட்டேன். பளிச்செண்டு இரிக்கில்ல?”

ஸஹ்னா விடுவாளா? வயிற்றைத் தள்ளினாள், தொண்டையைச் செருமினாள், கமிட்டித் தலைவர் சாஹுல் ஹமீது ஹாஜியார் ஆகிவிட்டாள்.

“ம்ஹும்... அல்ஹம்துலில்லாஹ்! நல்ல சோபா. இன்சாப், பேர வெட்டுங்க!”

உடனே மூக்கால் பேசுகிற செயலாளர் இன்சாப். “வெட்டிட்டேன் ஹாஜியார். ரெண்டு கோடு போட்டு வெட்டிட்டேன்.”

முனவ்வராவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “வாய மூடு ஷைத்தான். வந்திரப் போறாங்க.”

வந்தேவிட்டார்கள்.

ஹாஜியார் சோபாவில் அமர்ந்தார். உள்ளே கம்பி கிர்ரென்று முனகியது. கிடுகுக் கூரையின் இடுக்கால் வெயில் பொட்டுப் பொட்டாக அவர் தொப்பியிலும் தோளிலும் விழுந்தது. கண் மேலே போகவில்லை. கை மட்டும் துணியைத் தடவிக்கொண்டே இருந்தது.

“ம்ஹும்... புதுசோ?”

கதவுக்குப் பின்னால் நின்ற முனவ்வரா முக்காட்டை இழுத்துவிட்டாள். “வீட்டுல தைச்சது ஹாஜியார்.”

“தைச்சது தெரியுது. ம்ஹும். காலையில ஒரு வீட்டுக்குப் போனோம். இருக்கிறதுக்கு ஒரு நல்ல பாய் இல்ல. அது ஏழை வீடு. இது... சும்மா சொல்லப்படாது, என்ட வீட்டு ஹோல்ல கூட இப்படி ஒரு துணி இல்ல.”

“மழை வந்தா நாங்க ரெண்டு பேரும் மேசைக்குக் கீழதான் ஹாஜியார்” என்றாள் ஸஹ்னா.

“மழைக்கு முந்தி மூணு வீட்டுக்குத்தான் தகரம் இரிக்கி மகள். இல்லாதவங்களுக்குக் குடுக்க வேணாமா?” அவர் எழுந்துவிட்டார். “இன்சாப், அடுத்த வீடு.”

“பேர வெட்டவா ஹாஜியார்?” மூக்கிலிருந்து வந்தது குரல்.

ஸஹ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒரு நிமிஷம் நில்லுங்க! இதுக்குள்ள என்ன இரிக்கெண்டு பாத்துட்டுப் போங்க. கம்பியும் செங்கலுந்தான் இரிக்கு!” குனிந்து உறையின் ஓரத்தைப் பிடித்தாள்.

அந்நிய ஆம்பிளைகளுக்கு முன்னால் தலை காட்டாத முனவ்வரா பாய்ந்து வந்தாள். மகளின் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு கையாலும் அந்த ஓரத்தை இறுக்கிப் பிடித்தபடி சோபாவில் பொதக்கென்று உட்கார்ந்தாள்.

ஹாஜியார் நிற்கிறார். அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

“பாத்தீங்களா இன்சாப், பெருமைய?” ஹாஜியாரின் முகம் சிவந்தது. “ம்ஹும். கேக்கிற கைக்கு முதல்ல பணிவு வேணும்.”

இன்சாபின் பேனை இரண்டு கோடு இழுத்தது.

படலை சாத்தியதும் ஸஹ்னா வெடித்தாள். “என்ன வேல செஞ்சீங்க உம்மா? அந்த ஓரத்தத் தூக்கியிருந்தா நமக்குத் தகரம் வந்திரிக்கும்!”

“தூக்கியிருந்தா துணிட முன்பக்கம் தெரிஞ்சிரிக்கும்.”

“தெரிஞ்சா என்ன?”

“இந்தப் பக்கம் நீலத்துல வெள்ளிப் பூ. அந்தப் பக்கம் வெள்ளியில நீலப் பூ. பன்னெண்டு வருஷமா ஹாஜியார்ட ஹோல் ஜன்னல்ல திரையாத் தொங்கினது. முன்பக்கம் பாத்தா கண்டுபிடிச்சிருவார்.”

ஸஹ்னா குனிந்து அந்தப் பூவைப் பார்த்தாள். “கண்டுபிடிச்சா நமக்கென்ன? களவெடுத்தமா?”

“நமக்கு ஒண்டுமில்ல. குடுத்தவவுக்குத்தான்.”

முனவ்வரா இன்னும் அந்த ஓரத்தை விடவில்லை. தோளைக் குறுக்கினாள். வாசல் பக்கம் பயந்து பயந்து பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரலல்ல. ஹாஜியாரின் மனைவி அக்கீலாவின் மெல்லிய, அவசரக் குரல், அச்சு அசலாக. தனக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று ஸஹ்னாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

“கெதியா எடுத்துட்டுப் போ முனவ்வரா. எரிச்சிட்டேன் எண்டு சொல்லிக்கிறேன். இந்த வீட்டுலருந்து ஒரு கந்தல் துணியக் குடுத்தது தெரிஞ்சாலும், அந்த மனிசன் என்னச் சும்மா விடமாட்டார்.”