ஒரு சொட்டுக் கலப்படமில்லை

மளிகைக்கடை ஜெய்னுதீன் மிளகு மூட்டையை அவசரமாக வண்டியில் ஏற்றினார். காபிப்பொடி டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான் மைத்துனன் உதுமான்.

“ஜல்தி ஏத்துடா. பிள்ளைங்க வந்துரும்.”

“மிளகுல பப்பாளி விதை கொஞ்சமாத்தானே மச்சான் இருக்கு?”

“பப்பாளி விதையிலதான்டா மிளகு கொஞ்சமா இருக்கு. பேசாம ஏத்து.”

விடிந்ததும் பக்கத்துக் கிராமமான புரோத்ராபூரிலிருந்து டின் இறக்க வந்த மாட்டுவண்டி அது. காலியாகத் திரும்புவானேன் என்று ஜெய்னுதீன்தான் நிறுத்தி வைத்திருந்தார்.

போர்ட் பிளேரின் பெண்கள் பள்ளியில் அந்த வருஷம்தான் மனையியல் தொடங்கியிருந்தார்கள். சமையல், தையல் என்று போனவரையில் அவருக்கு மகிழ்ச்சிதான். ‘கடையில் ஏமாறாமல் வாங்குவது எப்படி’ என்றும் ஒரு பாடம் வரும் என்று யார் கண்டது? நேரில் போய்ச் சோதித்துப் பார்க்க ஒரு கடை வேண்டும் என்று டீச்சர் கேட்டதும், வகுப்பில் முதல் ஆளாகக் கையைத் தூக்கியது அவர் பெற்ற மகள் நசீரா.

“எங்க வாப்பா கடையில ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது, டீச்சர்!” என்றாளாம். அதை வீட்டுக்கு வந்து பெருமையாக வேறு சொன்னாள்.

பஜார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கினால் எங்கே போய் ஒளிவது? உலகத்தில் அவரை முழுசாக நம்புகிற ஒரே ஆள் அவள். அவருக்கே தன்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

வண்டி தெருமுனை திரும்பவும் பிள்ளைகள் வந்து சேரவும் சரியாக இருந்தது. மங்கையர்க்கரசி டீச்சர் ஒரு கையில் காந்தமும் இன்னொரு கையில் கண்ணாடித் தம்ளருமாக முன்னால் வந்தார். கடையில் நின்ற நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்க ஒதுங்கினார்கள்.

ரவையில் காந்தத்தை விட்டார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. துவரம்பருப்பைத் தண்ணீரில் போட்டார்கள், சாயம் இறங்கவில்லை. நசீரா ஒவ்வொரு தடவையும் தோழிகளை ஒரு பார்வை பார்த்தாள்.

“மிளகு எடுங்க, பாய்.”

“ஸ்டாக் கதம், டீச்சர்.”

“காபிப்பொடி?”

“அதுவும் கதம்.”

டீச்சரின் புருவம் உயர்ந்தது. “சோதிக்க வேண்டியது மட்டும் தீர்ந்துபோச்சாக்கும்?”

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நசீரா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் ஜெய்னுதீனுக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலேயே எண்ணெய் டின்னை இழுத்து முன்னால் வைத்தார். எண்ணெயில் அவர் இதுவரை எதையும் கலந்ததில்லை. அது ஒன்றில்தான் அவருக்கு மடியில் கனமில்லை.

“இதைப் பாருங்க டீச்சர். அசல் நாகர்கோவில் தேங்கா எண்ணெய். ஒரு சொட்டு கலப்படம் இருந்தா கடையை பந்த் பண்ணிடறேன்!”

“அது வாஸ்தவம்தான்,” என்றாள் காலி பாட்டிலோடு நின்ற பொன்னம்மா. வெகுநாளைய வாடிக்கைக்காரி. “விலை கூடன்னாலும் நான் இதைத்தான் வாங்குவேன். இங்க ஆட்டுற எண்ணெயத் தலையில வச்சா எனக்குத் தும்மல்தான் வருது.”

டீச்சர் நசீராவைப் பார்த்துத் தலையசைத்தார். நசீரா ஒரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தாள், முகர்ந்தாள், நாக்கில் வைத்தாள். தம்ளரில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் மலர்ந்தது. ஜெய்னுதீனுக்குப் போன உயிர் திரும்பியது.

“வேற எண்ணெய் வாடையே இல்ல, டீச்சர். காறலும் இல்ல. பச்சைத் தேங்கா வாசம் அடிக்குது!”

“அப்படின்னா என்ன அர்த்தம்? பாடத்துல படிச்சோமே?”

“ரொம்பப் புதுசுன்னு அர்த்தம். வண்டல்கூட இன்னும் அடியில படியல பாருங்க. செக்குல ஆட்டி ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும்!”

“சபாஷ்! கலப்படமில்லாத கடைன்னா இப்படி இருக்கணும். எல்லாரும் கை தட்டுங்க.”

தெருவே திரும்பிப் பார்க்கும்படி பிள்ளைகள் கை தட்டினார்கள். நசீரா ஓடி வந்து வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெய்னுதீன் நெஞ்சை நிமிர்த்தி, தொப்பியைச் சரிசெய்து, வாடிக்கைக்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

பொன்னம்மா மட்டும் கை தட்டவில்லை.

“ஏன் பாய், மெயின்லேண்டுக் கப்பல் வந்தே ஒரு மாசம் ஆச்சே?”