இரண்டாவது சாவி

மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அற்புதமேரியிடம். ஒருத்தி மட்டும் திறக்கக் கூடாது என்பது எங்கள் வார்டு வழக்கம். நான் வேலைக்கு வந்த பத்தொன்பது வருடமாக டாக்டர் மருந்துச் சீட்டு எழுதினார், நர்ஸ்கள் நாங்கள் திறந்தோம். போன மாதம், டாக்டர் இல்லாத நேரத்தில் பயிற்சி முடித்த நர்ஸே எழுதலாம் என்று ஆஸ்பத்திரியில் உத்தரவு போட்டார்கள். பயிற்சிக்கு ஓர் இடம்தான். வந்து நாலே வருடமான அற்புதமேரிக்குக் கொடுத்தார்கள். நரம்பு பார்த்து ஊசி போட அவளுக்குக் கைபிடித்துக் காட்டியவள் நான்.

இப்போது அவள் பெயரில் ரப்பர் முத்திரை இருக்கிறது. சீட்டை எழுதி, முத்திரை குத்தி, மை காய வாயால் ஊதுவாள். எழுதுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ஊதலைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்று மதியம் நாலாம் கட்டில் சடையாண்டியின் கால்விரல்கள் உள்ளே மடங்கின. அவருக்கு வலி வரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்; அது என் கண்ணுக்கு மட்டுமே தெரியும். சொன்னேன். அவள் எழுதினாள், குத்தினாள், ஊதினாள்.

"அக்கா, உங்க சாவி."

கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். சாவி சில்லென்று விரலில் பட்டது.

"எங்க வச்சேன்னு தெரியலையேடி."

சடையாண்டி முனக ஆரம்பித்தார். அற்புதமேரி சீட்டைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். உத்தரவு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் எனக்காகக் காத்திருந்தாள். மூடிய கைக்குள் சாவி சூடாகிக்கொண்டிருந்தது.